எந்திர மாந்தனும் என் தந்தையின் காதும்

இந்த வாரம் பாடத்திட்டத்தைப் பற்றியோ தேர்வைப் பற்றியோ எழுதப் போவதில்லை. அடிதடிப் படம் ஒன்றைப் பற்றி எழுதப் போகிறேன். "தமிழாசிரியருக்கு இது தேவையா?" என்று கேட்கும் அன்பர்கள் இருப்பீர்கள். சில மாதங்களுக்கு முன்புவரை நானும் உங்கள் அணியில்தான் இருந்தேன். அதுவும் கையில் சிவப்பு மைத் தூவலோடு இருந்தேன் என்பதுதான் சிக்கல்.

ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு 'நான் விரும்பிப் பார்த்த திரைப்படம்' என்று கட்டுரைத் தலைப்புக் கொடுத்திருந்தேன். ஒரு மாணவன் 'பசிபிக் ரிம்' படத்தைப் பற்றி எழுதியிருந்தான். 2013ஆம் ஆண்டில், அவன் பிறப்பதற்கு முன்பே வெளிவந்த படம் அது. கடலடிப் பிளவு வழியாக ஏறிவரும் 'கைஜு' என்னும் பூத விலங்குகளை, 'யேகர்' என்னும் மாபெரும் எந்திர மாந்தர்களைக் கொண்டு மக்கள் எதிர்க்கும் கதை. அவன் இரண்டு பக்கம் எழுதியிருந்தான். நான் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு ஒரே வரி எழுதினேன்: "வெறும் சண்டைப் படம். பயனுள்ள படத்தைப் பற்றி எழுதுக." பையன் "சரிங்க ஐயா" என்று வாங்கிக்கொண்டு போனான். மறுநாள் நீதி சொல்லும் படம் ஒன்றைப் பற்றி அரைப் பக்கம் எழுதிக் கொண்டுவந்தான். உயிரில்லாத அரைப் பக்கம். அதற்குத்தான் நல்ல மதிப்பெண் கொடுத்தேன்.

அதன் பிறகு சில வாரங்கள் கழித்து, வீடு மாறிப் போகும் நண்பர் ஒருவர் தம்முடைய இல்லத் திரையரங்குக் கருவிகளை 700 ரிங்கிட்டுக்குத் தருவதாகச் சொன்னார். இளையராஜா பாடல் கேட்பதற்கு என்று காரணம் காட்டி வீட்டில் ஒப்புதல் வாங்கினேன். ஒலிபெருக்கிகளோடு ஒரு பெட்டி நிறைய ப்ளூரே வட்டுகளும் வந்தன. அவற்றில் மேலாக இருந்தது, நான் சிவப்பு மையால் தள்ளிவைத்த அதே படம்!

கருவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடைக்காரர்கள் 'ஃபைவ் பாயிண்ட் ஒன்' என்று சொல்வதில், ஐந்து என்பது முன்னால் மூன்றும் பக்கவாட்டில் இரண்டுமாக நிற்கும் ஒலிபெருக்கிகள். மீதமுள்ள 'பாயிண்ட் ஒன்'தான் சப்ஊஃபர் என்னும் தாழொலிப் பெருக்கி. ஏறத்தாழ 120 ஹெர்ட்சுக்குக் கீழ்ப்பட்ட ஒலிகளுக்கென்றே படத்தில் தனித் தடம் உண்டு. அந்தப் பெட்டி முதன்மையாக அதைத்தான் பாடுகிறது. இதை எங்கே வைப்பது என்பதில்தான் வேடிக்கை. 20 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 17 மீட்டர். 40 ஹெர்ட்ஸ் என்றால் எட்டரை மீட்டர். வரிசை வீட்டுக் கூடத்தைவிட நீளமான அலைகள்! சுவர்களுக்கிடையே அவை மோதித் திரும்பும்போது, ஓரிடத்தில் ஒலி பொங்கும், இரண்டடி தள்ளி ஒன்றுமே இராது. இதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. நாம் உட்காரும் நாற்காலியின் மேல் பெட்டியை ஏற்றிவைத்து ஒலிக்கவிட்டு, நாம் தரையில் தவழ்ந்து போய் எங்கே சீராகக் கேட்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். பிறகு பெட்டியை அங்கே வைத்துவிடலாம். ஐம்பது வயதில் நான் கூடம் முழுவதும் தவழ்ந்ததை என் துணைவியார் கைப்பேசியில் பதிவு செய்துவைத்திருக்கிறார். எப்போது வெளியிடுவார் என்று தெரியாது.

மழை இரவில் ஹாங்காங் துறைமுகத்தில் நடக்கும் சண்டையை அன்று பார்த்தேன். பார்த்தேன் என்பதைவிடக் கேட்டேன் என்பதே சரி. எந்திர மாந்தன் ஓர் அடி வைக்கிறான். முதலில் ஒன்றுமில்லை. பிறகு தரைக்கடியிலிருந்து எழுவதைப்போல ஓர் அதிர்வு வருகிறது. அது அடங்கிய பின்னும் மழைத்துளிகளின் ஒலி பக்கவாட்டில் தெளிவாகக் கேட்கிறது. ஒரு கப்பலைத் தெருவழியே தடிபோல இழுத்துவந்து அந்த விலங்கை அடிக்கிறான். அடுத்து, அவன் முட்டி ஓர் அலுவலகக் கட்டடத்தைத் துளைத்துப் போய், கடைசியில் ஒரு மேசையில் இருக்கும் உலோகக் குண்டு ஊசலை மெல்லத் தொட்டு நிற்கிறது. குண்டுகள் 'டிக் டிக்' என்று ஆடத் தொடங்குகின்றன. அவ்வளவு பேரொலிக்குப் பின் அந்தச் சிற்றொலியைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தேன்.

இந்தப் படங்கள் வெறும் இரைச்சல் என்று ஆசிரியர் அறையில் நாம் பேசிக்கொள்கிறோம். நாம் அவற்றை எதில் கேட்டோம்? கைப்பேசியிலும், விரல் தடிமனே உள்ள தட்டைத் தொலைக்காட்சியிலும்தான் கேட்டோம். தாழ்ந்த ஒலியை எழுப்ப நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். அந்தச் சிறு கருவிகளால் அது ஆகாது. கீழ்ப்பாதி உதிர்ந்துபோய் மேல்பாதிக் கிறீச்சல் மட்டும் நமக்கு எட்டுகிறது. பாதிப் படத்தைக் கேட்டுவிட்டு முழுப் படத்துக்கும் தீர்ப்பு எழுதியிருக்கிறோம். நான் அதை மாணவனின் ஏட்டிலேயே எழுதினேன்.

எல்லா எந்திரப் படமும் நல்லது என்று சொல்ல வரவில்லை. 2007இல் வந்த 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' எனக்குச் சலிப்பூட்டியது. எல்லாம் மின்னல் வேகத்தில் சுழல்வதால் எதற்குமே எடை இருப்பதாகத் தோன்றவில்லை. இதில் கணக்கு ஒன்று இருக்கிறது. மேசையிலிருந்து, 80 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து அழிப்பான் விழுந்தால் 0.4 வினாடியில் தரையைத் தொடும். காற்றுத் தடையை விட்டுவிட்டால், 80 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு 4 வினாடி ஆகும். உயரம் நூறு மடங்கானால் நேரம் பத்து மடங்கு. 'பசிபிக் ரிம்' எந்திர மாந்தன் 'ஜிப்சி டேஞ்சர்' ஏறத்தாழ 79 மீட்டர் உயரம்; நம் இரட்டைக் கோபுரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவுதான். ஆனாலும் அவன் கை ஓங்குவது, கால் தூக்குவது, அவன்மேல் தெறித்த கடல்நீர் விழுவது எல்லாம் மெதுவாக நடப்பதால் மலையே நடப்பதுபோல் இருக்கிறது. 2018இல் வந்த இரண்டாம் பாகத்தில் பட்டப்பகலில் துள்ளிக் குதித்துச் சண்டை போடுகிறார்கள், பெருமை போய்விட்டது. அத்தகைய எந்திரம் தன் எடையையே தாங்காது என்று அறிவியல் ஆசிரியர்கள் சொல்வார்கள். உண்மைதான், கலிலியோ 1638இலேயே உருவம் பெருத்தால் எலும்பு தாங்காது என்று எழுதிவிட்டார். அதையும் அந்தப் பையனிடம் பேசியிருக்கலாமே!

இயக்குநர் கில்லெர்மோ டெல் டோரோ மெக்சிகோக்காரர். இப்படத்தை அவர் ரே ஹாரிஹாசன், இஷிரோ ஹோண்டா என்னும் இருவருக்குக் காணிக்கையாக்கியிருக்கிறார். ஹோண்டா, 1954இல் 'காட்சில்லா'வை இயக்கியவர். அந்த விலங்கின் உறுமலை உருவாக்க, இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே பெரிய தந்தி இசைக்கருவி ஒன்றின் நரம்பைத் தளர்த்தி, பிசின் தடவிய தோல் கையுறையால் உராயச் செய்தார். இதை வகுப்பில் சொல்லிப் பாருங்கள். 'உறுமல்', 'முழக்கம்', 'பிளிறல்' என்னும் சொற்களுக்கிடையே உள்ள வேறுபாட்டை விளக்கத் தனிப் பாடம் வேண்டியதில்லை.

இனி என் தந்தையார் கதை. அவர் செம்பனை ஆலையில், கொதிகலன் பக்கத்தில் 27 ஆண்டுகள் வேலை செய்தவர். அந்நாளில் காதடைப்பு யாரும் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. இரைச்சலால் கெடும் காது முதலில் இழப்பது 4,000 ஹெர்ட்ஸ் அளவிலுள்ள மேலொலிகளை. பேச்சில் ச, ட, த போன்ற ஒலிகளைப் பிரித்தறிய உதவும் கூறுகள் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன; உயிரொலிகளின் வலுவோ கீழே இருக்கிறது. ஆக, என் தந்தைக்கு நாங்கள் பேசுவது கேட்கும், என்ன பேசுகிறோம் என்பது விளங்காது. உயிர் கேட்கிறது, மெய் கேட்பதில்லை. இலக்கணம் நடத்தும்போது இது எனக்கு நினைவுக்கு வருவதுண்டு. செவிப்பொறியை அவர் விரும்புவதில்லை. பல ஆண்டுகளாகத் தொலைக்காட்சி ஓடும்போது எழுந்து வாசலுக்குப் போய்விடுவார்.

அன்று போகவில்லை. தாழொலிப் பெட்டிக்குப் பக்கத்தில் கிடக்கும் மரப்பலகை இருக்கையில் வந்து உட்கார்ந்தார். எந்திரம் நடந்தபோது பலகையில் உள்ளங்கையை வைத்தார். எடுக்கவே இல்லை. என்னைத் திரும்பிப் பார்த்து, "மில்லு எஞ்சின் மாதிரி இருக்குடா தம்பி" என்றார். படத்தில் ஆஸ்திரேலிய எந்திரத்தை ஓட்டுபவர்கள் தந்தையும் மகனும். கை முறிந்த தந்தை இறுதிப் போருக்குப் போக இயலாமல் மகனை வழியனுப்புகிறார். வசனம் ஒன்றும் என் தந்தைக்கு விளங்கியிருக்காது. "அது அவரு மவன்தானே?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையசைத்தேன். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும் படத்தை அவர் முழுமையாகப் பார்த்தார். கடைசியாக நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு படத்தை முழுமையாகப் பார்த்தது எந்த ஆண்டு என்று எனக்கு நினைவில்லை.

இதைப் படித்துவிட்டு ஒலியைக் கூட்டிவைக்கும் பெற்றோர்க்கு ஒன்று சொல்வேன். என் தந்தையின் காதைக் கெடுத்ததும் ஒலிதான். 85 டெசிபல் ஒலியில் நாளுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது தொழிற்கூடங்களில் பின்பற்றப்படும் அளவு. திரையரங்குத் தரத்தில் தாழொலி உச்சம் 115 டெசிபலைத் தொடும். அந்த அளவு வீட்டுக்கு வேண்டாம். குறைவாக வைத்தாலும், பெட்டி சரியான இடத்தில் இருந்தால் தரையதிர்வு கிடைக்கும். தாழொலி சுவரைத் துளைத்துப் போகும் என்பதால் அடியில் தடித்த இரப்பர் விரிப்புப் போட்டிருக்கிறேன். மாலை ஏழு மணிக்கு மேல், பக்கத்து வீட்டு மாச்சிக் தொழுது முடிக்கும்வரை எந்திர மாந்தனுக்கு ஓய்வு. அவருடைய பேரன்கள் இப்போது சனிக்கிழமை எங்கள் கூடத்தில்தான் இருக்கிறார்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். 'நான் விரும்பிப் பார்த்த' என்று தலைப்புக் கொடுத்துவிட்டு, நாம் விரும்புவதை அவர்கள் விரும்பியதாக எழுதச் சொல்கிறோம். பொய் எழுதப் பழக்குவதற்குக் கட்டுரைப் பாடம் எதற்கு? தமிழில் எழுதப்பட்டால் போதும், எந்திர மாந்தன் தாராளமாக வரட்டும்.

பள்ளி திறந்ததும் அந்த மாணவனை அழைத்து, பழைய கட்டுரையைக் காட்டச் சொன்னேன். "கிழிச்சிட்டேன் ஐயா. அம்மா செவப்பு மை பாத்தா ஏசுவாங்க" என்றான். என்ன எழுதியிருந்தாய் என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, "எந்திரம் நடக்கும்போது எங்க வீட்டு அலமாரியில கண்ணாடிக் குவளை கிடுகிடுன்னு ஆடிச்சின்னு எழுதியிருந்தேன்" என்றான். அதற்கு முந்தின வாரம் நான் நடத்திய இரட்டைக்கிளவிப் பாடத்தில் வந்த சொல் அது. என் கண்ணில் படவே இல்லை.

மன்னிப்புக் கேட்டேன். விருப்பமிருந்தால் மறுபடியும் எழுது என்றும் சொன்னேன். தலையை ஆட்டினான். இன்றுவரை எழுதவில்லை. எப்போது தருவாய் என்று கேட்க எனக்கும் வாய் வரவில்லை.