சோழர்கள் வாடகை வீட்டில்

"திருச்சி தோத்தா உங்களுக்கென்ன நானா?" என்கிறான் என் தம்பி. நியாயமான கேள்விதான். டி.என்.பி.எல். கிரிக்கெட்டில் எங்க நாகூருக்கு டீம் கிடையாது, நாகப்பட்டினத்துக்கும் இல்லை, தஞ்சாவூருக்கே இல்லை. காவிரித் தண்ணியை நம்பும் எங்களுக்குத் திருச்சிதான் கிட்டத்துச் சொந்தம்.

அந்தச் சொந்தத்தின் ஜாதகத்தைப் பார்த்தேன். 2016-ல் பிறந்தபோது பெயர் ரூபி காஞ்சி வாரியர்ஸ். 2018-ல் ஜாகை மாற்றி ரூபி திருச்சி வாரியர்ஸ். 2021-ல் ஃபைனல் வரை போய், சேப்பாக் சூப்பர் கில்லீஸிடம் எட்டே ரன்னில் கோட்டை விட்டது. 2023-ல் பால்சி திருச்சி. 2024-ல் திருச்சி கிராண்ட் சோழாஸ். பல்லவர் ஊரில் பிறந்து சோழரான கதை கல்கிக்கே தோன்றியிருக்காது!

இன்னொரு குடித்தனம் காரைக்குடி காளை. 2021-ல் திருப்பூர் தமிழன்ஸ் ஆகி, 2025-ல் கோப்பையையே தூக்கிவிட்டது. நாலு சீசன் காளைக்குக் கைதட்டிய காரைக்குடிக்காரர் எந்த ஊருக்காக வெடி வெடிப்பார்? அந்த வருஷம் ஆட்டங்கள் நடந்தது கோவை, சேலம், திருநெல்வேலி, திண்டுக்கல்லில். சோழர்களுக்குத் திருச்சியில் ஒரு மேட்ச்கூட இல்லை. சட்டையில் மட்டும் ஊர்ப்பெயர்!

ஆனாலும் வைய மனசு வரவில்லை. இந்தப் பந்தயத்தில் யார்க்கர் போட்டுத்தான் சின்னப்பம்பட்டி நடராஜன், 2017-ல் மூணு கோடிக்கு ஐ.பி.எல். போனார். 2023-ல் சொந்தக் கிராமத்திலேயே மைதானம் திறந்தார்.

டீம் ஊர் மாறும், மைதானம் மாறாது. சில்லடிக் கடற்கரை மணலில், பந்து எகிறாமல் திண்டாடும் எங்க பசங்களுக்கு டீமெல்லாம் வேண்டாம் சார். ஒரு நல்ல பிட்ச் போதும்.