பன்னிக்குட்டித் தீவனத்துக்கும் ஐசியூவுக்கும் என்ன சம்பந்தம்?

1/ "குட்டி பால் மறந்ததுல இருந்து கழியுது சார். தீவனத்துல கலக்குற மாதிரி மனுஷங்க மாத்திரை ஏதாவது எழுதிக் குடுங்க." கோவில்பதாகை பக்கம் பன்னி வளர்க்கிற ஒருத்தர் ஓ.பி.யில கேட்டது. வரிசையில நின்னவங்க சிரிச்சாங்க. சிரிக்கிற விஷயம் இல்லைங்க. கொஞ்சம் பொறுமையா படிங்க.

2/ தாய்ப்பால்ல இருக்கிற லாக்டோஸை நல்ல பாக்டீரியா லாக்டிக் அமிலமா மாத்தும். அதனால குட்டியோட வயிறு புளிப்பாவே இருக்கும், கெட்ட கிருமி தாக்குப்பிடிக்காது. பாலை நிறுத்தினா அந்தப் பாதுகாப்பு போயிடும். சொந்தமா போதுமான அமிலம் சுரக்க இன்னும் சில வாரம் ஆகும். முதல் ரெண்டு நாள் குட்டி சரியா தின்னவும் தின்னாது. குடல் உள்சுவர்ல இருக்கிற விரல் மாதிரி முளைகள் சுருங்கிடும். அந்த நேரம் பார்த்து ஈ.கோலை பெருகும்.

3/ இயற்கையா விட்டா தாய் மூணு மாசம் வரைக்கும்கூட பால் குடுக்கும். பெரிய பண்ணைகள்ல 3-4 வாரத்துலயே பிரிச்சிடுவாங்க, அடுத்த ஈத்து சீக்கிரம் வரணுமே! அந்த அவசரத்தைச் சமாளிக்கவும், எடை கூட்டவும் தீவனத்துல ஆன்டிபயாடிக் கலக்குற பழக்கம் உலகம் பூரா பரவுச்சு.

4/ இப்ப ஐசியூவுக்கு வருவோம். 2010-ல என்.டி.எம்-1 பத்தி ஒரு ஆய்வு வந்தது. முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. நம்ம சென்னை நோயாளிகளோட கிருமிகளும் அதுல இருந்தது. கார்பாபெனமே கேட்காத கிருமி. அதுக்கு மிச்சம் இருந்த ஒண்ணு ரெண்டு மருந்துல ஒண்ணு கொலிஸ்டின். கிட்னியைப் பாதிக்கும்னு ஒரு காலத்துல ஓரங்கட்டின பழைய மருந்து.

5/ அதே கொலிஸ்டின் கோழி, பன்னித் தீவனத்துல போயிட்டிருந்தது. 2015 நவம்பர்ல சீன ஆய்வாளர்கள் எம்.சி.ஆர்-1 ஜீனைக் கண்டுபிடிச்சாங்க. கொலிஸ்டினைச் செயலிழக்க வைக்கிற ஜீன். ஒரு பாக்டீரியா இன்னொண்ணுக்குக் கைமாத்திக் குடுக்கும். பன்னிகிட்ட, கடைக் கறியில, ஆஸ்பத்திரி நோயாளிகிட்ட, மூணு இடத்துலயும் இருந்தது.

6/ சீனா 2017-ல தீவனத்துல கொலிஸ்டினை நிறுத்துச்சு. அப்புறம் பன்னி, மனுஷங்க ரெண்டு பேர்கிட்டயும் அந்த ஜீன் குறைஞ்சது. இந்தியா 2019 ஜூலையில தடை போட்டது. நல்ல முடிவு.

7/ "அப்ப குட்டி சாகட்டுமா?" நியாயமான கேள்வி. ஜிங்க் ஆக்சைடு கேட்கும். ஆனா கிலோ தீவனத்துக்கு 2.5 கிராம், 3 கிராம்னு போட்டா பெரும்பகுதி சாணத்தோட மண்ணுக்குப் போகுது, எதிர்ப்பு ஜீன்களையும் வளர்க்குது. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூன்ல அந்த டோஸை நிறுத்திடுச்சு. ஃபார்மிக், சிட்ரிக் மாதிரி அமிலங்கள், லாக்டோபேசிலஸ், ஈஸ்ட் எல்லாம் ஓரளவு உதவும். ஈரத் தரையில படுக்கிற குட்டிக்கு எந்தப் பவுடர் கலந்தும் பிரயோஜனம் இல்ல. இன்னும் ரெண்டு வாரம் தாயோட விடுங்க. பால் குடிக்கும்போதே தீவனம் பழக்குங்க. கதகதப்பா, காய்ஞ்ச இடம் குடுங்க. கழிஞ்சா கால்நடை டாக்டர்கிட்ட போங்க, மெடிக்கல் ஷாப்புக்கு இல்ல.

8/ டென்மார்க் 1998-2000ல வளர்ச்சிக்காகப் போடுறதை நிறுத்தினப்போ முதல்ல குட்டிங்களுக்குக் கழிச்சல் கூடுச்சு, சிகிச்சைக்கான மருந்தும் கூடுச்சு. அதை மறைக்க வேண்டியதில்ல. ஆனா மொத்த ஆன்டிபயாடிக் அளவு குறைஞ்சது, பன்னித் தொழிலும் படுத்துடல.

9/ என் கருத்து: சோதனையை தீவன ஆலையில ஆரம்பிங்க, ஹோட்டல் மிச்சத்தைப் போட்டு நாலு பன்னி வளர்க்கிறவர்கிட்ட இல்ல. அவரை ஊரே ஒதுக்கி வெச்சிருக்கு. சட்டமும் அவர் மேலதான் முதல்ல பாயும். மூட்டையில என்ன கலந்திருக்குன்னு தமிழ்ல அச்சடிக்கணும். காட்டுப்பாக்கத்துல கால்நடைப் பல்கலைக்கழகம் பன்னி ஆராய்ச்சியே பண்ணுது, அந்த அறிவு ஆவடி வரைக்கும் வரணும். சளிக்கு அசித்ரோமைசின் வாங்கி முழுங்குற நாம பன்னிக் கொட்டகையை மட்டும் கை காட்டுறதும் சரியில்ல.

10/ "கறி சாப்பிடலாமா டாக்டர்?"னு கமென்ட் வரும். நல்லா வெந்தா பாக்டீரியா செத்துடும். பச்சைக் கறி வெட்டின பலகையில, கழுவாம வெங்காயம் நறுக்காதீங்க.