பாப்பா பாட்டுக்குக் கத்தரிக்கோல் எதற்கு?

ஆவடியிலிருந்து சென்ட்ரல் போகும் மின்சார ரயிலில் குழந்தைப் புத்தகம் விற்பவரைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு புத்தகத்தைப் போட்டுக்கொண்டே போவார். திரும்பி வரும்போது காசையோ புத்தகத்தையோ வாங்கிக்கொள்வார். பழங்கள், காய்கறிகள், வாகனங்கள், கூடவே பாரதியின் பாப்பா பாட்டு. பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிளாட்பாரத்திலும் இதே சரக்குதான். படமெல்லாம் பளபளவென்று இருக்கும். பாட்டுதான் பாதி இருக்காது.

பாப்பா பாட்டில் மொத்தம் 16 செய்யுள்கள். முதல் ஐந்தில் விளையாட்டு, குருவி, கோழி, காக்கை, பசு, நாய், குதிரை, மாடு, ஆடு. ஆறாவதில் படிப்பும் பாட்டும். இதுவரை படம் போடுபவருக்குக் கஷ்டமே இல்லை. கம்ப்யூட்டரில் ரெடியாகக் கிடப்பதை எடுத்து ஒட்டினால் வேலை முடிந்தது. அதனால்தான் பாரதியின் குருவி வெள்ளைக்காரத் தோட்டத்துக் குருவியாகிவிடுகிறது. ஓட்டு வீட்டின் மேல் புகைபோக்கி முளைக்கிறது. (அம்பத்தூரில் புகைபோக்கி இருப்பது எஸ்டேட் கம்பெனிகளில்தான்!)

வினை அதற்கப்புறம்தான். எட்டாவது செய்யுளில், கொடுமை செய்கிறவனைக் கண்டு பயப்படாதே, எதிர்த்து நில், முகத்திலேயே துப்பு என்கிறார் பாரதி. பதினைந்தாவதில், சாதி என்று ஒன்று கிடையாது, பிறப்பை வைத்து ஒருவரைக் கீழே தள்ளுவது தப்பு என்கிறார். சரியாக இந்த இரண்டு இடத்துக்கு வரும்போதுதான் பதிப்பாளர்களுக்குப் பக்கம் தீர்ந்துபோகிறது. கேட்டால் சப்பைக்கட்டு தயார்: மூன்று வயசுக் குழந்தைக்குச் சாதி தெரியுமா? துப்பு என்று சொல்லித் தரலாமா?

பாரதி இதை யாருக்கு எழுதினார்? பாப்பா என்பது அவருடைய இளைய மகள் சகுந்தலாவுக்கு வீட்டில் வழங்கிய பெயர். புதுச்சேரியில், வெள்ளைக்கார போலீசின் ஒற்றர்கள் கண் வைத்திருந்த வீட்டில் வளர்ந்த குழந்தை அது. அந்தக் குழந்தையிடம் பாரதி குருவியையும் சாதியையும் ஒரே மூச்சில்தான் பேசினார். குருவி மட்டும் போதும் என்று முடிவு செய்ய நடுவில் இவர்கள் யார்?

எட்டாவது செய்யுளையே எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012இல் போக்சோ சட்டம் வந்தது. இன்று பள்ளிக்கூடங்களில் நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் என்று பாடம் நடத்துகிறார்கள். தப்பாக நடக்கிறவர் பெரியவராகவே இருந்தாலும் பயப்படாதே, கத்து, ஓடி வந்து அம்மாவிடம் சொல் என்பதுதான் அந்தப் பாடம். பாரதி இதை நூறு வருஷத்துக்கு முன்பே, அதுவும் பாட்டாகவே கொடுத்துவிட்டார். அதை மரியாதைக் குறைவு என்று வெட்டுவது என்ன நியாயம்?

சாதியை எப்படிப் படமாக வரைவது என்பது அடுத்த கேள்வி. 2023இல் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்களே, வெட்டியவர்கள் கூடப் படித்த பையன்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024இல் கொடுத்த அறிக்கை, மாணவர்கள் கையில் கட்டும் கலர் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. ஓவியருக்கு வேறென்ன வேண்டும்? ஒரு சின்னக் கை, அதிலிருந்து அறுந்து விழும் கயிறு.

அதெல்லாம் தெற்கே, சென்னைக்கு எதற்கு என்பவர்கள் பூந்தமல்லி கோயிலுக்குப் போய்வரலாம். திருக்கச்சி நம்பி பிறந்த ஊர் இது. அவர் சாப்பிட்ட மிச்சத்தைப் பிரசாதமாக உண்ண ஆசைப்பட்டு ராமானுஜர் அவரை வீட்டுக்கு அழைத்தார். ராமானுஜரின் மனைவியோ, நம்பியின் குலத்தை நினைத்து, அவர் சாப்பிட்டுப் போனதும் இலையை எறிந்து இடத்தைக் கழுவிவிட்டாராம். காலங்காலமாகச் சொல்லப்படும் கதைதான். எறிந்த இலை, ஈரத் தரை, வாசலில் திகைத்து நிற்கும் ராமானுஜர். மூன்று வயசுக் குழந்தைக்கும் புரியும் படம்.

நாட்டைப் பற்றிய செய்யுளுக்கோ வரைபடமும் கொடியும் தவிர வேறு யோசனையே வருவதில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டைச் சுற்றியுள்ள தெருக்களில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் நம்மூர்ப் பிள்ளைகளோடு கோலி ஆடுகிறார்கள். வடக்கும் தெற்கும் அங்கேயே இருக்கிறது.

அமெரிக்காவில் உட்டி கத்ரி 1940இல் எழுதிய ஒரு நாட்டுப்பாட்டுக்கும் இதே கதி நேர்ந்தது. தனிச்சொத்தையும் பசியையும் பேசும் பகுதிகளை விட்டுவிட்டுத்தான் பள்ளிகளில் பாடுவார்கள். 1998இல் கேத்தி ஜேக்கப்சன் அதைப் படப் புத்தகமாக்கியபோது அந்தப் பகுதிகளையும் சேர்த்தே வரைந்தார். அங்கே முடிகிறது, இங்கே முடியாதா?

இத்தனைக்கும் பாரதி பாட்டுக்கு யாருக்கும் ஒரு பைசா உரிமைத்தொகை தர வேண்டாம். ஏ.வி. மெய்யப்பன் தன்னிடம் இருந்த உரிமையைக் காசு வாங்காமல் விட்டுக்கொடுத்தார். 1949இல் சென்னை மாகாண அரசு பாரதி படைப்புகளின் உரிமையைப் பெற்றது. 1955இல் அவை பொதுச்சொத்தாயின. பொதுச்சொத்து என்றால் கண்டபடி வெட்டலாம் என்று அர்த்தமா?

படப் புத்தகங்களுக்கு உலகம் முழுக்க வழக்கமான அளவு 32 பக்கம். பாட்டில் 16 செய்யுள். ஒன்றுக்கு இரண்டு பக்கமாகப் போட்டால் கணக்கு நேராகிறது. பக்கம் போதவில்லை என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம்.