விக்ரம் லேண்டர் மேல் பட்டுத் திரும்பிய லேசர்: நிலவின் தூரத்தை மில்லிமீட்டரில் அளப்பது எப்படி? இதில் இந்தியா எங்கே இருக்கிறது?

2023 டிசம்பர் 12. சந்திரயான்-3-இன் விக்ரம் லேண்டர் உறங்கப்போய் மூன்று மாதங்களுக்கு மேல் ஆகியிருந்தது. நிலவின் தென் துருவப் பகுதியில் அப்போது இரவு. விக்ரமில் மின்சாரம் இல்லை, ரேடியோ தொடர்பும் இல்லை. அந்த நேரத்தில் சுமார் 100 கி.மீ. தொலைவில் போய்க்கொண்டிருந்த நாசாவின் எல்.ஆர்.ஓ. விண்கலம், விக்ரமை நோக்கி லேசர் ஒளியைப் பாய்ச்சியது. அந்த ஒளி திரும்பி வந்தது.

செயலிழந்த லேண்டர் எப்படிப் பதில் சொன்னது? விக்ரமின் மேல்பகுதியில் நாசா கொடுத்த ஒரு சின்னக் கருவி இருக்கிறது. அரைக்கோள வடிவ அலுமினியச் சட்டம், அகலம் வெறும் 5 செ.மீ., எடை சுமார் 20 கிராம். அதில் எட்டு குவார்ட்ஸ் கண்ணாடிகள் பதித்திருக்கிறார்கள். சுவிட்ச், பேட்டரி எதுவும் தேவையில்லை. எந்தப் பக்கத்திலிருந்து ஒளி வந்தாலும் அதே பக்கத்துக்குத் திருப்பி அனுப்பும், அவ்வளவுதான் அதன் வேலை.

மேலோட்டமாகப் படித்தால், 'இனிமேல் பூமியிலிருந்து நிலவின் தூரத்தை நம்ம விக்ரமை வைத்தே அளக்கலாம்' என்று தோன்றும். அது சரியில்லை. விக்ரமில் இருப்பது நிலவைச் சுற்றும் விண்கலங்களுக்கான கண்ணாடி. பூமியிலிருந்து அடிக்கும் லேசருக்கு அது மிகச் சிறியது. பூமிக்கும் நிலவுக்கும் இடையிலான தூரத்தை அளக்கும் வேலை, அரை நூற்றாண்டுக்கும் மேலாக நிலவில் கிடக்கும் ஐந்து பழைய கண்ணாடிப் பலகைகளை நம்பித்தான் நடந்துவந்திருக்கிறது.

ஏன் சாதாரணக் கண்ணாடி போதாது?

கேரம் போர்டில் ஸ்ட்ரைக்கரை ஒரு பக்கச் சட்டத்தில் அடிக்கிறீர்கள். அது தெறித்து, அடுத்த சட்டத்திலும் பட்டால் என்ன ஆகும்? கிளம்பிய திசைக்கு இணையாக உங்களிடமே திரும்பி வரும். எந்தக் கோணத்தில் அடித்தாலும் இதேதான். இரண்டு சட்டங்களுக்குப் பதிலாக, ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று கண்ணாடிப் பரப்புகளை வைத்தால், வெளியில் எந்தத் திசையிலிருந்து வரும் ஒளியையும் வந்த வழியே திருப்பிவிடலாம். ராத்திரி நெடுஞ்சாலையில் உங்கள் ஹெட்லைட்டுக்கு மட்டும் பளிச்சிடும் ரிஃப்ளெக்டர்களிலும் இந்த உத்தி உண்டு.

சாதாரணத் தட்டையான கண்ணாடி என்றால், பூமியை நோக்கி மிகத் துல்லியமாகத் திருப்பி வைக்க வேண்டும். இம்மி விலகினாலும் ஒளி வேறெங்கோ போய்விடும். மூலைக் கண்ணாடிக்கு அந்தக் கவலை இல்லை, தோராயமாகப் பூமிப் பக்கம் திருப்பினால் போதும்.

1969 ஜூலையில் அப்போலோ 11 வீரர்கள் அமைதிக் கடல் பகுதியில் இப்படி 100 மூலைக் கண்ணாடிகள் கொண்ட பலகையை வைத்துவிட்டு வந்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 1 அன்று கலிஃபோர்னியாவின் லிக் ஆய்வகத்துக்கு அங்கிருந்து முதல் எதிரொளி கிடைத்தது. 1971-இல் அப்போலோ 14 இன்னொரு 100 கண்ணாடிகளையும், அப்போலோ 15 முந்நூறையும் வைத்தன. சோவியத் யூனியனின் லூனோகாட் 1, லூனோகாட் 2 ஊர்திகள் பிரான்ஸில் செய்த பலகைகளைச் சுமந்து சென்றன. மொத்தம் ஐந்து.

எதிரொளியைப் பிடிப்பது எவ்வளவு கஷ்டம்?

கொள்கை ரொம்ப எளிது. ஒளி போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்க வேண்டும். ஒளியின் வேகம் தெரியும்: விநாடிக்கு 2,99,792.458 கி.மீ. நேரத்தை அதனால் பெருக்கி, இரண்டால் வகுத்தால் தூரம். நிலவு சராசரியாக 3,84,400 கி.மீ. தள்ளி இருப்பதால் போய்வர சுமார் இரண்டரை விநாடி.

செய்து பார்க்கும்போதுதான் சிக்கல். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உள்ள அப்பாச்சி பாயிண்ட் ஆய்வகத்தை எடுத்துக்கொள்வோம். 3.5 மீட்டர் தொலைநோக்கி வழியாக விநாடிக்கு 20 முறை பச்சை லேசர் துடிப்புகளை அனுப்புகிறார்கள். ஒவ்வொரு துடிப்பிலும் சுமார் 3,000 கோடி கோடி ஃபோட்டான்கள், அதாவது ஒளித் துகள்கள். லேசர் என்றால் நூல் பிடித்த மாதிரி நேராகப் போகும் என்று நினைப்போம். ஆனால் வளிமண்டலக் கலக்கத்தால் அது விரிகிறது. நிலவை அடையும்போது கிட்டத்தட்ட 2 கி.மீ. அகல வட்டம். கண்ணாடிப் பலகையோ ஒரு மேசை அளவு. ஏறத்தாழ 3 கோடி ஃபோட்டான்களில் ஒன்றுதான் அதன் மேல் படும். திரும்பும் ஒளியும் விரிந்து, பூமிக்கு வரும்போது சுமார் 15 கி.மீ. அகலமாகிவிடும். அதிலும் 3 கோடியில் ஒன்றுதான் தொலைநோக்கிக்குள் விழும். வழியில் மற்ற இழப்புகளும் உண்டு.

கடைசியில் கையில் கிடைப்பது ஒரு துடிப்புக்கு ஒரு ஃபோட்டான். பல நேரங்களில் அதுவும் இல்லை. நிலவின் சொந்த வெளிச்சத்துக்கு நடுவே அந்த ஒற்றைத் துகளை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? நிறம் ஒத்துப்போக வேண்டும், எதிர்பார்த்த நேரத்தில் வந்திருக்க வேண்டும். இந்த இரண்டு வடிகட்டிகளில் தேறும் ஃபோட்டான்களை நிமிடக்கணக்கில் சேர்த்துச் சராசரி எடுத்தால் மில்லிமீட்டர் துல்லியம் கிடைக்கிறது. ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் என்பது, போய்வரும் நேரத்தில் சுமார் 6.7 பிகோ விநாடி. ஒரு விநாடியை லட்சம் கோடித் துண்டாக வெட்டினால் ஒரு துண்டுதான் பிகோ விநாடி.

இந்த அளவு துல்லியம் வந்த பிறகு வேறொரு தலைவலி. அளக்கிறவர் நிற்கும் தரையே நகர்கிறது. கடலைப் போலவே பூமியின் பாறைத் தரையும் நிலவின் இழுப்பில் ஏறி இறங்கும், சில இடங்களில் 30 செ.மீ. வரைக்கும். நாம் உணர்வதில்லை, ஏனென்றால் சுற்றியிருக்கும் எல்லாமே சேர்ந்து ஏறுகிறது. கண்டங்கள் நகர்கின்றன. காற்றழுத்தம் மாறினால் ஒளியின் வேகமும் துளி மாறுகிறது. சூரிய ஒளியின் அழுத்தம்கூட நிலவின் பாதையைச் சில மில்லிமீட்டர் தள்ளுகிறது. எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக் கழித்தால்தான் பூமியின் மையத்துக்கும் நிலவின் மையத்துக்கும் உள்ள தூரம் வரும். உண்மையில் பாதி உழைப்பு லேசரில் இல்லை, இந்தக் கழித்தல் கணக்கில்தான்.

சரி, அளந்து என்ன கிடைத்தது?

நிலவு ஆண்டுக்கு சுமார் 3.8 செ.மீ. வீதம் நம்மைவிட்டு விலகுகிறது என்பதை நேரடியாக அளந்து சொன்னது இந்த முறைதான். பூமி தன் அச்சில் சுற்றும் வேகம், நிலவு பூமியைச் சுற்றும் வேகத்தைவிட அதிகம். அதனால் கடல் ஓதத்தின் மேடு நிலவுக்குச் சற்று முன்னால் தள்ளிப்போகிறது. அந்த மேடு நிலவை முன்னோக்கி இழுத்து, மேலான பாதைக்கு ஏற்றுகிறது. பதிலுக்குப் பூமியின் சுழற்சி துளித் துளியாகக் குறைகிறது. நூறாண்டுக்கு ஒரு நாள் சுமார் 2 மில்லி விநாடி நீளும். 'நிலவு நம்மைவிட்டுப் போகிறது' என்று தலைப்பைப் பார்த்துப் பதற வேண்டாம். இதே வேகத்தில் ஒரே ஒரு கிலோமீட்டர் விலக 26,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். மாதத்துக்கு ஒருமுறை நிலவு அருகில் வந்து தள்ளிப் போகும்போதே தூரம் சுமார் 40,000 கி.மீ. மாறுகிறது.

இயற்பியலாளர்களை அதிகம் ஈர்ப்பது வேறொரு கேள்வி. பூமியின் நடுவில் பெரிய இரும்புக் கரு இருக்கிறது, நிலவு பெரும்பாலும் பாறை. பொருள் வேறு, எடை வேறு. இரண்டும் சூரியனை நோக்கி ஒரே மாதிரி விழுகின்றனவா? ஐன்ஸ்டைன் சரி என்றால் வித்தியாசமே இருக்கக் கூடாது. இருந்தால் நிலவின் பாதை சூரியன் பக்கமாகச் சற்று நகர்ந்திருக்கும். லேசர் அளவீட்டின்படி, சுமார் 10 லட்சம் கோடியில் ஒரு பங்கு துல்லியம் வரை எந்த வித்தியாசமும் தெரியவில்லை. 1971-இல் அப்போலோ 15 தளபதி டேவிட் ஸ்காட் நிலவில் சுத்தியலையும் இறகையும் ஒன்றாகப் போட்டுக் காட்டிய சோதனை நினைவிருக்கிறதா? ஏறக்குறைய அதே சோதனை, சுத்தியலும் இறகும் இருந்த இடத்தில் பூமியும் நிலவும்.

நிலவின் சுழற்சியில் உள்ள மெல்லிய தள்ளாட்டத்தை அளந்து, அதன் மையத்தில் உருகிய பகுதி இருப்பதையும் இதே முறையில் ஊகித்தார்கள்.

'நிலவுக்கு மனிதன் போனதற்கு இதுதான் ஆதாரமா?'

சமூக ஊடகச் சண்டைகளில் அடிக்கடி வரும் வாதம் இது. நிலவுக்குப் போனார்கள் என்பதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் கண்ணாடியை மட்டும் காட்டி அதை நிரூபிப்பது பலவீனமான வாதம். லூனோகாட் ஊர்திகளில் மனிதர்கள் இல்லை, அவற்றிலும் கண்ணாடி இருக்கிறது. கண்ணாடியே இல்லாத 1962-லேயே அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் நிலவின் மண் மேல் லேசரை அடித்து எதிரொளியைப் பிடித்துவிட்டார்கள். அப்போலோவுக்கு ஆதாரம் வேண்டுமென்றால், வீரர்கள் கொண்டுவந்த பாறைகளும், அவர்கள் நடந்த தடத்தை எல்.ஆர்.ஓ. எடுத்த படங்களும் இருக்கின்றன.

தூசியும், தொலைந்த ஊர்தியும்

ஐந்தில் ஒன்று கிட்டத்தட்ட 40 ஆண்டுகள் காணாமல் போயிருந்தது. 1970-இல் இறங்கிய லூனோகாட் 1 கடைசியாக எங்கே நின்றது என்று துல்லியமாகத் தெரியாததால், லேசரை எங்கே குறிவைப்பது என்றே தெரியவில்லை. 2010 மார்ச்சில் எல்.ஆர்.ஓ. படங்களில் அது ஒரு சின்னப் புள்ளியாகத் தெரிந்தது. ஏப்ரல் 22 அன்று டாம் மர்ஃபி தலைமையிலான அப்பாச்சி பாயிண்ட் குழு அந்த இடத்துக்கு லேசரை அனுப்ப, எதிரொளி வந்தது. அதுவும் இன்னொரு லூனோகாடைவிடப் பிரகாசமாக.

அதே ஆண்டு அந்தக் குழு கவலை தரும் ஒன்றையும் வெளியிட்டது. அப்போலோ பலகைகளிலிருந்து வரவேண்டிய ஒளியில் பத்தில் ஒரு பங்குதான் வருகிறது, முழுநிலவு நாட்களில் அதிலும் பத்தில் ஒரு பங்கு. காரணம் பெரும்பாலும் தூசி என்கிறார்கள். வெயில் நேராக அடிக்கும்போது தூசி சூடாகி, கண்ணாடிக்குள் வெப்பநிலை சீரில்லாமல் போய், ஒளி சிதறுகிறது. கிரகணத்தின்போது பூமியின் நிழல் விழுந்ததும் எதிரொளி மீண்டும் கூடியது இதற்கு வலுச் சேர்த்தது. துடைக்கத்தான் அங்கே ஆள் இல்லை.

2025 மார்ச்சில் ஃபயர்ஃப்ளை நிறுவனத்தின் புளூ கோஸ்ட் லேண்டர் புதிய தலைமுறைக் கண்ணாடி ஒன்றை இறக்கியது. நூற்றுக்கணக்கான சிறு கண்ணாடிகளுக்குப் பதில் 10 செ.மீ. அளவுள்ள ஒரே பெரிய மூலைக் கண்ணாடி. பூமியிலிருந்து அனுப்பிய லேசருக்கு அது பதில் தந்துவிட்டது.

இந்தியாவின் இடம் எது?

விக்ரமின் கண்ணாடியை இஸ்ரோ நிலவின் தென் துருவப் பகுதியில் ஒரு குறிப்புப் புள்ளி என்கிறது. நில அளவையில் எல்லைக்கல் நடுவதுபோல. அதன் முக்கியத்துவம் புரிய, பழைய ஐந்தும் எங்கே இருக்கின்றன என்று பாருங்க. எல்லாமே துருவங்களிலிருந்து தள்ளி. ஆனால் அமெரிக்கா, சீனா, இந்தியா, ஜப்பான் என்று எல்லாரும் இப்போது போக நினைப்பது தென் துருவத்துக்கு. இருட்டிலோ நீண்ட நிழலிலோ கேமராவை நம்பி இறங்குவது கடினம். துல்லியமாக இடம் தெரிந்த, லேசருக்குப் பதில் சொல்லும் ஒரு புள்ளி அங்கே இருந்தால், பின்னால் வருகிறவர்களுக்குத் திசை தெரியும்.

பெருமைப்படலாம். ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அந்தக் கண்ணாடி நாசா தந்தது. அதன் மேல் பட்ட லேசரும் நாசாவுடையது. இத்தனைக்கும் 2008-இல் சந்திரயான்-1 நிலவின் மேடு பள்ளங்களை லேசரால் அளக்கும் கருவியைக் கொண்டுபோனது. இப்போது நிலவைச் சுற்றிக்கொண்டிருக்கும் சந்திரயான்-2 ஆர்பிட்டரில் அப்படி ஒன்று இல்லை.

பூமியில் நிலவுக்கு லேசர் அனுப்பும் நிலையங்கள் கைவிரல் எண்ணிக்கைதான்: அமெரிக்காவின் அப்பாச்சி பாயிண்ட், பிரான்ஸின் கிராஸ், இத்தாலியின் மத்தேரா, ஜெர்மனியின் வெட்செல் போன்றவை. சீனாவின் குன்மிங் ஆய்வகம் 2018-இல் 1.2 மீட்டர் தொலைநோக்கியை வைத்தே இதைச் சாதித்தது. இந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. உத்தராகண்டின் தேவஸ்தலில் 3.6 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது, தமிழ்நாட்டின் காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. ஆக, கண்ணாடி அளவு தடையில்லை. வேண்டியது சரியான லேசர், பிகோ விநாடிக் கடிகாரம், முக்கியமாக ஆண்டுக்கணக்கில் விடாமல் அளக்கும் பொறுமையும் அதற்கான நிதியும். அந்தக் கடைசி விஷயத்தில் பணக்கார நாடுகளே தடுமாறியிருக்கின்றன. 1969 முதல் அளந்துவந்த டெக்சஸின் மெக்டொனால்ட் ஆய்வகத்தின் நிலவுப் பணிக்கு அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை 2009-இல் நிதியை நிறுத்தியது.

விக்ரமைத் தொட்ட எல்.ஆர்.ஓ.வும் புதியதல்ல, 2009-இல் கிளம்பியது. நிலவை வரைபடமாக்கத்தான் அதன் லேசர் போனதே தவிர, 5 செ.மீ. கண்ணாடியைக் குறிபார்க்க அல்ல. 2024-இல் ஜப்பானின் ஸ்லிம் லேண்டரில் உள்ள இதே மாதிரிக் கண்ணாடியையும் அதுதான் தொட்டது. அந்தக் கண்ணாடிகள் பல பத்தாண்டுகள் தாங்கும் என்கிறார்கள். எல்.ஆர்.ஓ. அவ்வளவு காலம் தாங்காது. அது ஓய்ந்தபின் விக்ரமுக்கு ஒளி அனுப்பப்போவது யாருடைய லேசர் என்பது இன்னும் முடிவாகவில்லை.