கடனா, கொடையா?

நெல்லையையும் பாளையங்கோட்டையையும் இணைக்கும் தாமிரபரணிப் பாலத்தைப் பேருந்தில் கடக்கும்போதெல்லாம், 1843-இல் திறக்கப்பட்ட அதற்குச் சொந்தப் பொருளைச் செலவிட்ட சுலோசன முதலியார் அதைக் கடனாகவன்றிக் கொடையாகவே அளித்தார் என்பது என் ஞாபகத்துக்கு வரும்.

யுத்தம் 2009-இல் ஓய்ந்த பின்னர், இலங்கையில் 50,000 வீடுகளுக்கென இந்தியா வழங்கியதும் அத்தகைய கொடைதான். வடக்கிலும் கிழக்கிலும் வீடொன்றுக்கு இலங்கைப் பணம் 5.5 லட்ச ரூபாய், அஸ்திவாரம், சுவர், கூரை என்று வேலை உயர உயர, பயனாளியின் வங்கிக் கணக்கிலேயே தவணைகளாக விழுந்தது. ஒப்பந்தக்காரரை விடுத்து, அலைந்து நைந்த குடும்பத்தையே எஜமானாக்கிய அந்த ஏற்பாட்டை நான் மனமாரப் போற்றுகிறேன். ஆனால் தொகை போதாத வீடுகளில் நகை அடகுக்குப் போயிற்று, வாரத் தவணை வசூலிக்கும் நுண்கடன்காரரின் மோட்டார் சைக்கிளும் ஒழுங்கைக்குள் நுழைந்தது.

2014-இல் யாழ்ப்பாணத்தை மீண்டும் எட்டிய ரயில் பாதைக்கு இந்தியக் கடன் பொருத்தமே. ரயில் டிக்கெட் விற்கும். கணவனை இழந்தவளின் அடுக்களை எதை விற்கும்? வறட்சி பீடித்த மாவட்டங்களில் பெண்கள் பட்ட ஒரு லட்ச ரூபாய் வரையிலான நுண்கடனைத் தள்ளுபடி செய்வதாக 2018-இல் கொழும்பு அரசாங்கமே அறிவிக்க நேர்ந்தது.