பட்டம் மாறிய தோட்டம்

தில்லிக்கு மாற்றலாகி வரும் தமிழர்கள் இந்தியை ஒன்றிரண்டு வருடங்களில் பழகிவிடுகிறார்கள். அங்குள்ள பருவங்களைப் பழகத்தான் நாளாகிறது.

1981இல் கணவரின் மத்திய அரசு வேலைக்காக நேதாஜி நகர் குடியிருப்பில் குடியேறிய திருச்சிப் பெண்மணிக்கு முதல் பாடம் சொன்னது ஒரு குண்டுமல்லிப் பதியன். ஈரச் சாக்கில் சுற்றி, ஜி.டி. எக்ஸ்பிரஸில் இரண்டு நாள் காப்பாற்றிக் கொண்டுவந்தது. மழைக்காலம் முடியும்வரை பூத்த செடி, மார்கழியில் வெறும் குச்சியாக நின்றது. ஊரிலும் பனிக்காலத்தில் மல்லி குறையும். இப்படி அடியோடு ஓய்ந்து அவர் பார்த்ததில்லை. பதறிப்போய் தினமும் தண்ணீர் ஊற்றினார். குளிர்ந்த மண்ணில் நீர் தேங்கி வேர் அழுகிவிட்டது. "அது தூங்கிக்கொண்டிருந்தது, மாதாஜி. எழுப்பப் பார்த்துக் கொன்றுவிட்டீர்கள்" என்றார் அக்கம்பக்கத்து வீடுகளுக்கு வரும் மாலி. அடுத்த பதியனுக்குக் குளிரில் கொஞ்சமே தண்ணீர். பிப்ரவரியில் கவாத்து. ஏப்ரலில் பூ.

ஆடிப்பட்டம் தேடி விதைப்பதும் முழுசாகக் கைகொடுக்கவில்லை. வெண்டையும் புடலையும் ஆடி மழையில் தழைத்தன. கூடவே தூவிய பெட்டூனியா விதை அழுகிப்போனது. தில்லியின் பூச்செடிகளுக்குப் பட்டம் செப்டம்பர் கடைசியும் அக்டோபரும்தான். ஊரில் ஐப்பசி அடைமழை கொட்டும்போது இங்கே வானம் வெளுத்து, மண் காய்ந்து, நாற்றுவிட ஏற்றதாகிறது. அப்போது விதைத்தவை பிப்ரவரியில் பூத்துக் குலுங்கும். ஏப்ரல் வெயிலில் கருகும்.

தெரிந்த மரங்கள்கூடத் தெரியாத மாதங்களில் நடந்துகொண்டன. விஷுவுக்குப் பூக்கும் சரக்கொன்றை தில்லியில் மே, ஜூன் அனலில் மஞ்சளாய்த் தொங்கும். இலையெல்லாம் உதிர்த்த முள்ளிலவு மார்ச்சில் சிவப்பாய்ப் பூக்கும். வேம்பு மட்டும் வழிக்கு வந்தது. சித்திரை முதல் தேதி பச்சடிக்குப் பூ தர அது தவறியதில்லை. 1984 மழையில் வேலியோரம் தானாக முளைத்த வேப்பங்கன்றை அவர் பிடுங்காமல் விட்டதற்கு அதுவே காரணம்.

அரசுக் குடியிருப்பில் தோட்டம் போடுகிறவர் அடுத்தவருக்காகவே போடுகிறார். 2006இல் கணவர் ஓய்வு பெற்றபோது வேம்பு மாடியைத் தாண்டியிருந்தது. புதிதாக வந்தது பிகார் குடும்பம். சாவியோடு அவர் ஒப்படைத்தது ஒரே எச்சரிக்கை: "குளிரில் மல்லிக்கு அதிகம் தண்ணீர் ஊற்றாதீர்கள்."

நேதாஜி நகர், சரோஜினி நகர் உள்ளிட்ட 7 குடியிருப்புகளை இடித்துப் புதிதாகக் கட்ட 2016இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2018 ஜூனில் பல ஆயிரம் மரங்கள் வெட்டப்படும் என்று தெரிந்ததும் மக்கள் தெருவில் இறங்கி மரங்களைக் கட்டிக்கொண்டார்கள். உயர் நீதிமன்றம் வெட்டுவதற்கு இடைக்காலத் தடை விதித்தது. திருச்சியில் அந்தச் செய்தியைப் படித்த பெண்மணி, நாளிதழ்ப் படத்தில் தன் வேம்பைத் தேடினார். படத்தில் இருந்தது வேறு மரம். விசாரிக்க அங்கே தெரிந்தவர் யாரும் மிச்சமில்லை.

திருச்சிக்குத் திரும்பிய வருடம், அக்டோபர் வந்ததும் அவர் பழக்கதோஷத்தில் மாடித் தொட்டிகளில் பூ விதை தூவினார். ஐப்பசி மழை அத்தனையையும் அடித்துக்கொண்டு போனது. மார்கழியில் மல்லிச் செடிக்குத் தண்ணீரைக் குறைத்தார். பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "வாடுது மாமி, தண்ணி ஊத்துங்க."

இருபத்தைந்து வருடத்தில் அவர் தில்லிக்காரராகியிருந்தார். சொம்பை எடுத்துவந்து ஊற்றினார்.