நிறுத்தத் தெரிந்த பிறகே ஓட்டலாம்

பழைய சைக்கிளில் சின்ன பெட்ரோல் எஞ்சினைப் பூட்டி ஓட்டும் ஆசை இப்போது மறுபடியும் பிள்ளைகளைப் பிடித்திருக்கிறது. எங்கள் புதுச்சேரித் தெருக்களில் அப்படி ஒன்றிரண்டு படபடவென்று போவதைப் பார்க்கிறேன். 25 சி.சி.க்கு மேற்பட்ட எஞ்சின் என்றால் மோட்டார் வாகனச் சட்டத்துக்குள் வந்துவிடும், பதிவு, உரிமம் எல்லாம் வேண்டும் என்பதைப் பழைய குமாஸ்தா என்ற முறையில் முதலிலேயே சொல்லி வைக்கிறேன். ஆனால் இன்று என் பேச்சு சட்டம் பற்றியதல்ல. ஹேண்டில்பாரில், கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில், எஞ்சினை நிறுத்தும் சுவிட்ச் இல்லாத வண்டி தெருவில் இறங்கவே கூடாது என்பது என் கட்சி.

"அது எதற்கு? பெட்ரோல் குழாயை மூடினால் தானே நிற்கும்" என்கிறார்கள். நிற்கும், ஆனால் உடனே நிற்காது. கார்பரேட்டர் கிண்ணத்தில் மிச்சமிருக்கும் பெட்ரோல் தீரும்வரை ஓடிக்கொண்டுதான் இருக்கும். "பிரேக் இருக்கிறதே" என்கிறார்கள். அந்த ரப்பர் கட்டைகள் மிதிக்கிற வேகத்துக்காகச் செய்யப்பட்டவை. ஆக்ஸிலேட்டர் கேபிள் துருவேறி, திருகிய இடத்திலேயே சிக்கிக்கொண்டால் எஞ்சின் ஒரு பக்கம் இழுக்கும், பிரேக் ஒரு பக்கம் இழுக்கும். கிளட்சைப் பிடித்தால் சக்கரம் விடுபடும், ஆனால் பாரம் போன எஞ்சின் அலறத் தொடங்கும். கடற்காற்று வீசும் ஊரில் கேபிள் துருப்பிடிப்பது அபூர்வமா என்ன?

என் பள்ளி நாட்களில் எங்கள் தெருவில் ஒரு சொல்தா வீட்டில் சொலெக்ஸ் வண்டி இருந்தது. 1946 முதல் 1988 வரை பிரான்சில் விற்பனைக்கென்று செய்த வண்டி. முன்சக்கரத்தின் மேல் எஞ்சின் உட்கார்ந்திருக்கும். ஒரு உருளை டயரை அழுத்தித் தள்ளும். அதை நிறுத்த டிகம்ப்ரஸர் உண்டு. ஓடுவதற்கு என்ன ஏற்பாடோ, நிறுத்துவதற்கும் அதே அளவு ஏற்பாட்டைச் செய்தவனே யோசித்து வைத்திருந்தான். இன்று தனித்தனியாக வாங்கிப் பூட்டும்போது அந்த யோசனை பூட்டுகிறவன் தலையில் விழுகிறது.

இந்த சுவிட்சுக்கு பிரெஞ்சில் 'கூப் சிர்க்குயி' என்று பெயர். சுற்றை அறுப்பது என்று பொருள். ஆங்கிலத்தில் 'கில் சுவிட்ச்', அதாவது கொல்வது. இரண்டு பெயருமே ஆளை ஏமாற்றும். வீட்டு விளக்கு சுவிட்சை அணைத்தால் கம்பித் தொடர்பு அறுகிறது, விளக்கு அணைகிறது. இந்த எஞ்சின்களில் நடப்பது நேர் எதிர். இங்கே பேட்டரி கிடையாது. காந்தம் வைத்த ஃப்ளைவீல் சுற்றச் சுற்ற, பக்கத்திலுள்ள காயிலில் மின்சாரம் தானே பிறந்து ஸ்பார்க் பிளக்குக்குப் போகிறது. சக்கரம் சுற்றும்வரை மின்சாரமும் பிறக்கும். அதனால் அதை வேறு பக்கம் திருப்பிவிட வேண்டும். காயிலிலிருந்து வரும் ஒரு சன்ன வயரை எஞ்சின் உடம்போடு சேர்த்துவிட்டால், எங்கள் வாத்தியார் 'மாஸ்' என்று சொல்லிக்கொடுத்தாரே, அந்த எர்த்துக்குள் மின்சாரம் இறங்கிவிடும். பிளக்கில் பொறி வராது. ஆக, இந்த சுவிட்ச் அறுப்பதில்லை, சேர்க்கிறது.

இதிலிருந்துதான் முக்கியமான சங்கதி வருகிறது. வயர் எங்காவது உரசி உடம்பில் பட்டால் வண்டி கிளம்பாது. அது வெறும் தொல்லை. வயர் அறுந்துபோனாலோ வண்டி நிற்காது. அது ஆபத்து. அதைவிட மோசம், அறுந்தது வெளியே தெரியாது. வண்டி நன்றாகக் கிளம்பும், நன்றாக ஓடும். அலுவலகத்தில் கருவூலத்துக்கு 'பணம் வழங்க வேண்டாம்' என்று கடிதம் அனுப்புவோம். அந்தக் கடிதம் வழியில் தொலைந்தால் யாருக்கும் எதுவும் தெரியாது, பணம் மட்டும் போய்விடும். இந்த வயரும் அப்படிப்பட்ட கடிதம்தான்.

ஆகவே வயரிங் செய்யும்போது சில விஷயங்களில் பிடிவாதம் வேண்டும். சுவிட்சிலிருந்து ஒரு வயர் காயிலுக்குப் போனால், இன்னொன்று எஞ்சின் உடம்பு வரைக்குமே போக வேண்டும். ஹேண்டில்பாரில் ஒரு நட்டுக்கு அடியில் மாட்டிவிட்டு 'எல்லாம் இரும்புதானே' என்பவர்கள் நடுவிலிருக்கும் பெயிண்டையும், பால்ரஸ் கிரீஸையும் மறந்துவிடுகிறார்கள். எர்த் மாட்டும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, வெள்ளை உலோகம் தெரிந்த பிறகு இறுக்க வேண்டும். ஹேண்டில் திரும்பும் இடத்தில் வயரைக் கொஞ்சம் தளர்வாக விட வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு வளைவிலும் இழுபட்டு ஒருநாள் உள்ளுக்குள் முறியும். இணைப்பை முறுக்கி டேப் சுற்றுவதோடு விடாமல் பற்றவைத்து, மழைத்தண்ணீர் போகாதபடி ஸ்லீவ் போட வேண்டும். பிளக்குக்குப் போகும் தடித்த வயர் பக்கம் இதைக் கொண்டுபோகவே கூடாது.

அழுத்தும் பொத்தானா, தள்ளும் சுவிட்சா என்று கேட்பார்கள். பொத்தான் என்றால் எஞ்சின் முழுக்க அடங்கும்வரை விரலை எடுக்கக் கூடாது. பாதியில் விட்டால், சுற்றிக்கொண்டிருக்கும் சக்கரம் மறுபடி பொறி கொடுத்து எஞ்சினை எழுப்பிவிடும். பதற்றத்தில் விரல் வழுக்கும் என்பதால் என் ஓட்டு தள்ளினால் அப்படியே நிற்கும் சுவிட்சுக்குத்தான். அதை மறந்துவிட்டு மறுநாள் காலையில் மூச்சு வாங்க மிதிக்க நேரலாம். அதனால் யாருக்கும் எலும்பு முறியாது.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு பழக்கம். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போதெல்லாம் அந்த சுவிட்சாலேயே நிறுத்த வேண்டும். சோக்கை மூடுவது, கிளட்சை விட்டுத் திணறடிப்பது எல்லாம் வேண்டாம். தினம் பயன்படுத்தினால் அது தினப் பரிசோதனையும் ஆகிவிடும். என்றைக்கு நிற்கவில்லையோ, அன்றைக்கு வாசலிலேயே தெரிந்துவிடும், நடுத்தெருவில் அல்ல.

பேட்டரி மோட்டார் பூட்டும் நம் வயதுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பிரேக் பிடித்தால் மோட்டார் விடுபடும் ஏற்பாடு அந்தக் கிட்டுகளில் வரும். 'வயர் அதிகம்' என்று அதை மாட்டாமல் விடும் கடைக்காரரிடம் வண்டியை வாங்காமல் திரும்பி வாருங்கள்.

ஒரு சுவிட்ச், இரண்டு முழ வயர், அரை மணி நேர வேலை. காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் தேடினால்கூடக் கிடைக்கும். பேரப்பிள்ளை புது எஞ்சினைக் காட்டும்போது "எவ்வளவு வேகம் போகும்?" என்று கேட்பதுதான் நம் வழக்கம். இனிமேல் "எங்கே, நிறுத்திக் காட்டு பார்க்கலாம்" என்று முதலில் கேளுங்கள்.